"நான் யாரு இதைக் கேட்க?" – வல்லக்கோட்டை முருகன் முன்னாடி உட்கார்ந்து யோசிச்சது

ஓம் சரவணபவ!

இந்தத் தடவை தல வரலாறோ விரத முறையோ எழுதல. ரொம்ப நாளா மனசுல கிடந்த ஒரு கேள்வியைப் பத்தி எழுதுறேன். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டைப் பக்கம் கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்து இதைப் படிக்கிற தம்பி தங்கச்சிங்க எல்லாருக்கும் ஒரு நாளாவது இந்தக் கேள்வி வந்திருக்கும்.

"நான் யாரு இதைக் கேட்க?"

தப்பு ஒண்ணு கண்ணு முன்னாடி நடக்குது. ஆனா நாம மேனேஜர் இல்லை, சூப்பர்வைசர் இல்லை, லைன் லீடர்கூட இல்லை. கழுத்துல ஒரு ஐடி கார்டு, அவ்வளவுதான். அப்போ பேசணுமா, வாயை மூடிக்கிட்டுப் போகணுமா? பதவி இல்லாதவனுக்குப் பொறுப்பு உண்டா?

முதல்ல நான் செஞ்ச தப்பைச் சொல்லிடுறேன். அதைச் சொல்லாம உபதேசம் பண்ணா முருகனுக்கே பொறுக்காது.

நான் பாலிடெக்னிக்ல டிப்ளமோ மெக்கானிக்கல் முடிச்சுட்டு இந்தப் பக்கம் ஒரு பார்ட்ஸ் கம்பெனியில லைன் குவாலிட்டி பார்த்துக்கிட்டு இருந்தேன். பேர் வேண்டாம். தகடை அழுத்தி வளைக்கிற பவர் பிரஸ் வரிசையா நிக்கும். பழைய மிஷின்கள். ஒவ்வொண்ணுலயும் இடது பக்கம் ஒரு பட்டன், வலது பக்கம் ஒரு பட்டன். ரெண்டு கையாலயும் ரெண்டையும் சேர்த்து அழுத்தினாத்தான் பிரஸ் இறங்கும். ரெண்டு கையும் பட்டன்ல இருந்தா டைக்குள்ள கை இருக்க வழியில்லை. எளிமையான பாதுகாப்பு.

ஒரு நைட் ஷிப்ட்ல பார்க்கிறேன், ஒரு பிரஸ்ல இடது பட்டனை அட்டையை மடிச்சு வச்சு டேப் சுத்தி அமுக்கியே வச்சிருக்காங்க. ஓட்டிக்கிட்டு இருந்தது ஒரு ஒடிசா பையன், கான்ட்ராக்ட்ல வந்தவன். 20 வயசு இருக்கும். ஒரு கையால பீஸை வைக்கிறான், இன்னொரு கையால வலது பட்டனை அழுத்துறான். என்னைப் பார்த்ததும் சிரிச்சுக்கிட்டே, "அண்ணா, டார்கெட்"னு ஒரே வார்த்தை சொன்னான். அவனுக்குத் தெரிஞ்ச பத்து பதினஞ்சு தமிழ் வார்த்தையில அண்ணாவும் ஒண்ணு.

நான் பீஸை அளந்து பார்த்தேன். அளவு சரியா இருந்தது. கையெழுத்துப் போட்டுட்டுப் போயிட்டேன். என் வேலை பீஸைப் பார்க்கிறது, மிஷின் பாதுகாப்பு எனக்குச் சம்பந்தமில்லாத டிபார்ட்மென்ட், சூப்பர்வைசருக்கே தெரியும், நான் யாரு கேட்க? மனசு இப்படி நாலு காரணத்தை வரிசையா எடுத்துக் கொடுத்துச்சு. நாலும் பொய் இல்லை. அதுதான் அதுல இருக்கிற விஷம்.

மூணு வாரம் கழிச்சு அந்தப் பையனோட ரெண்டு விரல் போச்சு.

அடுத்த செவ்வாய்க்கிழமை நைட் ஷிப்ட் முடிஞ்சு நேரா வல்லக்கோட்டைக்குப் போனேன். இந்தப் பக்கம் வேலை செய்யறவங்களுக்குத் தெரியும், ஒரகடத்திலேர்ந்து ஸ்ரீபெரும்புதூர் போற வழியில இருக்கிற கோயில். அருணகிரிநாதர் பாடின தலம். உள்ளே சுப்பிரமணிய சுவாமி சுமார் 7 அடி உயரத்துல நிக்கிறார். செவ்வாய்க்கிழமை வரிசையில பாதிப் பேர் யூனிபார்மோடவே நிப்பாங்க. அவ்வளவு உயரத்துல நிக்கிற சாமி முன்னாடி நிமிர்ந்து பார்க்க முடியாம குனிஞ்சே நின்னேன். வெளியே வந்து உட்கார்ந்தப்போ ஞாபகத்துக்கு வந்தது சுவாமிமலை கதை.

நமக்கெல்லாம் மனப்பாடமா தெரிஞ்ச கதைதான். பிரம்மாகிட்ட பிரணவத்துக்குப் பொருள் கேட்கிறார் பாலமுருகன். பிரம்மாவுக்குத் தெரியல. தலையில குட்டிச் சிறையில போட்டுடுறார். சிவபெருமான் வந்து, அவரை விடு, உனக்குப் பொருள் தெரியுமான்னு கேட்க, சீடனா இருந்து கேட்டாச் சொல்றேங்கிறார் பிள்ளை. அப்பா கைகட்டி வாய்பொத்திக் கேட்க, பிள்ளை காதுல சொல்றார். சுவாமிநாதன் ஆகிறார்.

சின்ன வயசுல இதைக் கேட்கும்போது நம்ம முருகன் எவ்வளவு புத்திசாலின்னு ஒரு பெருமை வரும். அன்னைக்கு எனக்குப் பட்டது வேற. அந்தக் கதையில பதவி யார்கிட்ட இருக்கு? படைக்கிற பதவி பிரம்மாகிட்ட இருக்கு, ஆனா அந்தப் படைப்புக்கு மூலமான சொல்லோட பொருள் அவருக்குத் தெரியல. சின்னப் பிள்ளைகிட்ட எந்த நாற்காலியும் இல்லை, ஆனா பொருள் தெரியும். பதவியும் பொருளும் ஒரே இடத்துல இருக்கணும்னு கட்டாயம் இல்லைன்னு நம்ம புராணம் அப்பவே ஒத்துக்கிட்டிருக்கு. ஃபேக்டரியில தினமும் நாம பார்க்கிறதும் இதைத்தான். டார்கெட் போடுறவர் ஏ.சி. ரூம்ல இருக்கார். அந்த மிஷின் எந்த இடத்துல இடிக்கும்னு தெரிஞ்சவன் அதுகிட்ட நிக்கிறான்.

அதனால பொறுப்பு ரெண்டு வகைன்னு நான் நினைக்கிறேன். ஒண்ணு சரிசெய்ய வேண்டிய பொறுப்பு. அது பதவியோட வருது. டார்கெட்டைக் குறைக்க, மிஷினை மாத்த, செலவு பண்ண எனக்கு அதிகாரம் இல்லை, அதைச் செய்யலைன்னு என்னை யாரும் குத்தம் சொல்ல முடியாது. இன்னொண்ணு சொல்ல வேண்டிய பொறுப்பு. அது பதவியோட வர்றது இல்லை, பார்த்ததால வருது. அந்த அட்டையையும் டேப்பையும் பார்த்த அந்த நிமிஷமே அது என் தலையில ஏறிடுச்சு. முதல் பொறுப்பு எனக்கு இல்லைங்கிறதைக் காட்டி ரெண்டாவது பொறுப்பிலிருந்து நழுவினதுதான் நான் செஞ்ச தப்பு.

ஆனா இதைச் சொல்றப்போ ஒரு நியாயமான எதிர்க்கேள்வி வரும். "அண்ணே, அந்தக் கான்ட்ராக்ட் பையனும்தான் பார்த்தான். அவனுக்கும் சொல்ற பொறுப்பு இருந்ததா?" இங்கே கவனமா இருக்கணும். அவன் வாயைத் திறந்தா மறுநாள் கேட்டுக்குள்ள விடமாட்டாங்க. தங்கியிருக்கிற ரூம், ஊருக்கு அனுப்புற பணம் எல்லாம் அந்த ஒரு வார்த்தையில போயிடும். நான் பேசினா அதிகபட்சம் திட்டு வாங்குவேன், இன்கிரிமென்ட் குறையும். ஒரே உண்மையைச் சொல்ல அவன் கொடுக்க வேண்டிய விலையும் நான் கொடுக்க வேண்டிய விலையும் ஒண்ணு இல்லை. இழக்க யாருக்குக் குறைவா இருக்கோ அவங்கதான் முதல்ல பேசணும். எல்லாத்தையும் இழக்கக்கூடியவனைப் பார்த்து "நீ ஏன்டா தைரியமா பேசல"ன்னு கேட்கிறது தர்மம் இல்லை.

சரி, பேசணும்னு முடிவு பண்ணியாச்சு. எப்படிப் பேசுறது? சுவாமிமலை கதையில இன்னும் ரெண்டு விஷயம் இருக்கு. முருகன் அப்பாகிட்ட சபையில கத்தல, காதுல சொன்னார். அடுத்தது, பிரம்மாவைச் சிறையிலேயே வச்சிருக்கல, விட்டுட்டார். நமக்குப் பொருள் தெரியும், அவருக்குத் தெரியலைன்னு நிரூபிச்ச பிறகும் குட்டிக்கிட்டே இருக்கிறது முருகன் வழி இல்லை. சரியா இருக்கிறவனுக்கும் ஒரு கர்வம் வரும். அது பதவிக் கர்வத்தைவிட மோசமா மத்தவங்க காதை மூடிடும்.

அதனால நான் முதல்ல ஒரு நோட்டு வாங்கினேன். ரெண்டு வாரம், எந்த ஷிப்ட்ல எந்தப் பிரஸ்ல பட்டனை அடைச்சிருக்காங்கன்னு குறிச்சேன். ஆள் பேர் எழுதல, வேணும்னேதான். ஏன் அடைக்கிறாங்கன்னு ஓட்டுறவங்ககிட்டயே கேட்டேன். அப்பதான் எனக்கே புரிஞ்சது, இது சோம்பேறித்தனம் இல்லை, கணக்கு. ஷிப்டுக்கு டார்கெட் 3,000 பீஸ். சாப்பாட்டு நேரம் போக 450 நிமிஷம். அதாவது ஒரு பீஸுக்கு 9 செகண்ட். ரெண்டு கையாலயும் அழுத்தி ஒழுங்கா ஓட்டினா ஒரு பீஸுக்கு 11 செகண்ட் ஆகுது. எவ்வளவு உழைச்சாலும் 2,450தான் வரும். டார்கெட்டே ஒரு பட்டனை அடைச்சாத்தான் வரும்கிற மாதிரி இருந்தது. போட்டவருக்கு அது தெரியாது. ஓட்டினவனுக்குத் தெரியும், ஆனா யாரும் அவன்கிட்ட கேட்கல.

அந்தக் கணக்கை எடுத்துக்கிட்டு சூப்பர்வைசர் தனியா இருக்கும்போது போனேன். "சார், ரெண்டு நிமிஷம்"னேன். நோட்டைப் பார்த்ததும், "உன் வேலை என்னவோ அதைப் பாரு"ன்னு சத்தம் போட்டார். வெளியே வந்துட்டேன். மறுநாள் டீ பிரேக்ல அவரே பக்கத்துல வந்து, "அந்த 11 செகண்ட் கணக்கு சரியா? எத்தனை ஷிப்ட் எடுத்த?"ன்னு கேட்டார். அவருக்கும் மேல ஒருத்தர் டார்கெட் கேட்டுக்கிட்டு இருக்கார்னு அன்னைக்குத்தான் எனக்கு உறைச்சது. அவர் வில்லன் இல்லை. அவர் கையிலயும் பதவி இருந்ததே தவிர காகிதத்துல எழுதின ஒரு காரணம் இல்லை. என் நோட்டு அவருக்குக் காரணம் ஆச்சு. மூணு ஷிப்ட்லயும் நிரந்தர ஆளுங்க ஆறு பேர் சேர்ந்து, நேரம் அளந்தது சரிதான்னு கையெழுத்துப் போட்டோம். அவர் அதை மேல கொண்டு போனார்.

இந்த மாதிரி வேலைக்கு ஃபேக்டரி உலகமே ஒரு கருவி கண்டுபிடிச்சு வச்சிருக்கு. நம்ம லைன்கள்ல தொங்குற ஆண்டான் விளக்கு தெரியும்ல? ஜப்பான்ல ஆண்டான்னா காகிதக் கூண்டு போட்ட பழைய விளக்கு. டொயோட்டா கம்பெனி அந்தப் பேரை ஃபேக்டரிக்குள்ள கொண்டு வந்தது. தப்பு தெரிஞ்சா லைன்ல நிக்கிற யார் வேணும்னாலும் கயித்தை இழுக்கலாம், விளக்கு எரியும், சரிசெய்ய முடியலைன்னா லைன் நிக்கும். அதோட வேர் இன்னும் பழசு. சகிச்சி டொயோடா, நூல் அறுந்தா தானா நின்னுடுற தறியை உருவாக்கினவர். கடைநிலை ஆள் ஒருத்தன் மொத்த லைனையும் நிறுத்தலாம்கிறது அந்த முறையோட உயிர். நம்ம ஊர்ல அந்தப் பேரைக் கேட்டா ஆண்டான் அடிமைதான் ஞாபகம் வரும். பல இடத்துல அப்படித்தான் நடக்கவும் செய்யுது. விளக்கு மாட்டியிருக்கும், ஆனா கயித்தை இழுத்தவனை "ஏன்டா லைனை நிறுத்தின?"ன்னு கேட்பாங்க. அதுக்கப்புறம் யாரும் இழுக்க மாட்டாங்க, விளக்கு எரியாது. லைன் நல்லா ஓடுதுன்னு மேல ரிப்போர்ட் போகும்.

இப்போ கஷ்டமான கேள்விக்கு வரேன். காதுல சொல்லியும் அந்தக் காது குனியலைன்னா?

நம்ம பக்கத்துல நடந்ததையே எடுத்துக்கங்க. 2021 டிசம்பர். சுங்குவார்சத்திரம் ஃபாக்ஸ்கான் ஆலையில வேலை பார்த்த பெண்கள் தங்கியிருந்த ஒரு விடுதியில சாப்பாடு கெட்டு, 150க்கும் மேல் பெண்கள் ஆஸ்பத்திரியில சேர்ந்தாங்க. பெரும்பாலும் இருபதுகள்ல இருக்கிற பொண்ணுங்க. நிறையப் பேர் ஒப்பந்த முகமைகள் மூலமா வந்தவங்க. அவங்களுக்குன்னு சங்கம் கிடையாது, தலைவர் கிடையாது, பதவி கிடையாது. ஆஸ்பத்திரியில இருந்தவங்க நிலைமை என்னன்னு சரியான பதில் கிடைக்கல. டிசம்பர் 17 ராத்திரி சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில வந்து உட்கார்ந்தாங்க. மறுநாள் வரைக்கும் சாலை நின்னுச்சு. கைதும் நடந்தது. ஆலை மூடப்பட்டது. அந்த மாசக் கடைசியில ஆப்பிள் கம்பெனியே, சில விடுதிகளும் சாப்பாட்டுக் கூடங்களும் தங்கள் தரத்துக்கு இல்லைன்னு ஒத்துக்கிட்டு அந்த ஆலையைக் கண்காணிப்புல வச்சது. 2022 ஜனவரி 12-ல்தான் ஆலை மறுபடி திறந்தது.

இதுல மறைக்கக்கூடாத ஒரு விஷயம் இருக்கு. அன்னைக்குச் சில பெண்கள் இறந்துட்டாங்கன்னு வாட்ஸ்அப்ல வதந்தி பரவுச்சு. அது உண்மை இல்லை. யாரும் இறக்கல. மெசேஜ்லயே வாழ்ற நமக்கு இதுல பாடம் உண்டு, தெரியாததை ஃபார்வர்ட் பண்ணக்கூடாது. ஆனா பாடம் மேல இருக்கிறவங்களுக்கும் உண்டு. நம்பக்கூடிய பதில் கொடுக்காத இடத்துலதான் வதந்தி முளைக்குது. வதந்தி பொய்யா இருக்கலாம், கெட்டுப்போன சாப்பாடும் நெரிசலான ரூமும் பொய் இல்லை.

2024 ஆகஸ்ட்ல வல்லம் வடகால் சிப்காட்ல 18,720 பேர் தங்கக்கூடிய பெரிய குடியிருப்பைத் தமிழக அரசு திறந்தது. 706 கோடி ரூபாய்க்கு மேல் செலவு. வல்லக்கோட்டையிலேர்ந்து கிட்டத்தான். அந்த ஒரு ராத்திரிதான் இதுக்குக் காரணம்னு நான் சொல்லல. ஆனா தொழிலாளி எங்க தூங்குறா, என்ன சாப்பிடுறாங்கிறது கம்பெனி விவகாரம் மட்டும் இல்லை, ஊர் விவகாரம்னு எல்லாரையும் பார்க்க வச்சது பேர் தெரியாத அந்தப் பொண்ணுங்கதான். அதே சுங்குவார்சத்திரத்துல 2024 செப்டம்பர் 9 முதல் அக்டோபர் நடுவரைக்கும் சாம்சங் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் பண்ணினாங்க. முக்கியக் கோரிக்கை சங்கத்தை அங்கீகரிக்கணும்கிறது. சரி தப்பு பேச ரெண்டு பக்கமும் ஆள் இருக்கு. நான் பார்க்கிறது ஒண்ணுதான். "எங்க பேச்சைக் கேட்க ஒரு நிரந்தரமான காது வேணும்"னு அவங்க கேட்டாங்க.

ஸ்ரீபெரும்புதூர் மண்ணுக்கு இது புதுசும் இல்லை. 1017-ல் இங்கே பிறந்த இராமானுஜர் கதை நமக்குத் தெரியும். ரகசியமா வச்சிருக்கச் சொன்ன மந்திரப் பொருளைத் திருக்கோஷ்டியூர்ல எல்லாரும் கேட்கச் சொன்னார்னு மரபு சொல்லுது. அதனால தனக்கு நரகம்னாலும் பரவாயில்லைன்னு நின்னார். எங்க சுவாமிநாதன் காதுல சொன்னார், அவர் கோபுரத்துல ஏறிச் சொன்னார். முதல்ல காது, அது கேட்கலைன்னா கோபுரம். ரெண்டுக்கும் பொதுவா ஒண்ணு இருக்கு. சொன்னவர் அதுக்கான விலையைத் தன் தலையில ஏத்துக்கிட்டார், கேட்டவங்க தலையில போடல.

என் கதையோட முடிவைக் கேட்பீங்க. பீஸ் வைக்கிற தொட்டியை மிஷினுக்குப் பக்கத்துல நகர்த்தினாங்க. ஒரு செகண்ட் மிச்சம் ஆச்சு. டார்கெட் 2,700 ஆச்சு. எங்க வரிசையில பட்டன் அடைக்கிறது நின்னுடுச்சு. அடுத்த வரிசையில இன்னும் பழைய டார்கெட்தான். அந்த வருஷம் எனக்கு வரும்னு எல்லாரும் சொன்ன லைன் லீடர் பதவி வேற ஒருத்தருக்குப் போச்சு. இதுதான் காரணம்னு யாரும் சொல்லல. அந்தப் பையன் ஊருக்குப் போயிட்டான். ரெண்டு தடவை போன் பண்ணேன். மூணாவது தடவை அந்த நம்பர் உபயோகத்துல இல்லைன்னு வந்தது. அவன் விரலுக்கு 2,700 பதில் இல்லைன்னு எனக்குத் தெரியும். மூணு வாரம் முன்னாடி அந்த நோட்டு வாங்கியிருந்தா எந்தப் பதிலும் தேவைப்பட்டிருக்காது.

பதவி போனது வலிக்கலைன்னு சொன்னா பொய். வலிச்சப்போ பழநிக்குப் போனேன். அங்க ஒரு விஷயம் கவனிச்சிருக்கீங்களா? பழம் கிடைக்காம, எல்லாத்தையும் விட்டுட்டு, கோவணமும் தண்டமுமா மலையில போய் நின்னவர். பார்க்க ஆண்டி. அவரைத்தான் நாம பழநி ஆண்டவர்ங்கிறோம். கூப்பிடுறப்போ அந்த ரெண்டு வார்த்தையும் பக்கத்துல பக்கத்துலயே இருக்கு.

கடைசியா ஒண்ணு. இதைப் படிக்கிற உங்கள்ல பல பேர் இன்னும் ரெண்டு மூணு வருஷத்துல லைன் லீடர் ஆவீங்க, சூப்பர்வைசர் ஆவீங்க. அப்போ உங்க ஷிப்ட்ல ஒரு டிரெய்னி, ஒரு கான்ட்ராக்ட் தங்கச்சி தயங்கித் தயங்கி வந்து நிப்பாங்க. சுவாமிமலை கதையில எல்லாரும் சொன்ன பிள்ளையைத்தான் பேசுறோம். குனிஞ்சு கேட்ட அப்பாவை மறந்துடுறோம். அவர் குனியலைன்னா அந்தக் கதையே இல்லை. அன்னைக்கு நீங்க குனிங்க.

வெற்றிவேல் முருகனுக்கு... அரோகரா!

உங்க ஷிப்ட்ல வேலை பார்க்கிற ஒருத்தருக்காவது இதை அனுப்புங்க நண்பர்களே. முடிஞ்சா அந்தப் பெயர் தெரியாத ஒடிசா தம்பிக்காக இந்தச் செவ்வாய்க்கிழமை ஒரு விளக்கு ஏத்துங்க.